கும்பம் உடைந்த கதையை வரிசையாகக் காட்டும் ஓர் ஆட்டோ

கும்பகோணத்துக்கு இது எனக்கு நாலாவது பயணம். முதல் மூன்றும் நவக்கிரகச் சுற்றுலா. விடியற்காலை ஐந்து மணிக்கு வேனில் ஏற்றுவார்கள். ஒன்பது கோவிலையும் ஒரே நாளில் முடித்து ராத்திரி லாட்ஜில் இறக்கிவிடுவார்கள். கும்பேஸ்வரர் கோவில் "டைம் இருந்தா" என்ற கணக்கில்தான் வரும். போன தடவை வேன்காரர் கோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, "பத்து நிமிஷம், ஓடிட்டு வந்துடுங்க" என்றார். எழுபத்தைந்து வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே ஓடுவது? வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, பாத்திரம் விளக்கிக்கொண்டே, "கும்பம் உடைஞ்ச ஊருக்குப் போய் கும்பத்தப் பாக்காம வந்துட்டோம்" என்றாள். அது எனக்கு மனதில் தைத்துவிட்டது.

அதனால் இந்த மாசியில் கும்பத்துக்காகவே போனோம். நானும் அம்மாவும் மட்டும். லாட்ஜ் வரவேற்பில் இருந்தவரிடம், கோவில்களை நிதானமாகக் காட்டுகிற ஆட்டோ யாராவது உண்டா என்று கேட்டேன். "கதை சொல்ற தம்பி ஒருத்தர் இருக்காரு, கூப்பிடவா?" என்றார். அப்படிக் கிடைத்தவர்தான் இவர். நாற்பது வயதிருக்கும். பெயரும் நம்பரும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மகாமகக் குளத்துப் பக்கம் ஆட்டோ நிற்கும் இடத்தில் கும்பக் கதை சொல்கிறவர் யார் என்று கேட்டால் கைகாட்டுவார்கள். காலை ஆறரை மணியிலிருந்து நடை சாத்தும் வரை ஊருக்குள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சாக்கோட்டை, குடவாசல். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் பேசினோம். வெயிட்டிங் என்று தனியாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

இவரை எதற்காகத் தேடிப் போக வேண்டும் என்றால், இவர் கதையின் வரிசையில் கூட்டிக்கொண்டு போகிறார். கும்பகோணத்தில் எந்த வண்டியில் ஏறினாலும் பெரிய கோவில், கிட்டத்துக் கோவில் என்று வழிக்குத் தோதாகத்தான் ஓட்டுவார்கள். ஆறரை மணிக்கு அம்மாவை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, "மொதல்ல கும்பேஸ்வரர்தானே தம்பி?" என்று கேட்டேன். "இல்லக்கா, மொதல்ல பாணாதுறை. அம்பு விட்ட எடத்துலேருந்துதானே கதை ஆரம்பிக்கணும்? அம்பு எங்க போய் பட்டுச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த நிமிஷமே காசு வீண் போகாது என்று தெரிந்துவிட்டது.

பாணாதுறையில் பாணபுரீஸ்வரர் கோவில். மூன்று தடவை வந்தும் இந்தப் பெயரை நான் காதில் வாங்கியதே இல்லை. பாணம் என்றால் அம்பு. வேடனாக வந்த சிவபெருமான் இங்கே நின்றுதான் கும்பத்தைக் குறிபார்த்தார் என்பது தலபுராணம். அந்த நேரத்தில் கோவிலில் எங்களைத் தவிர நாலு பேர்தான் இருந்தார்கள். சோமகலாம்பிகை சந்நிதியில் அப்போதுதான் கோலம் போட்டு முடித்திருந்தார்கள், மாவு இன்னும் ஈரம். சாமி கும்பிட்டுவிட்டு வந்து படியில் உட்கார்ந்தோம். கதையை அங்கேதான் தொடங்கினார்.

பிரளயம் வரப்போகிறது. எல்லாம் அழிந்துவிட்டால் மறுபடி படைக்க வித்து வேண்டுமே என்று பிரம்மாவுக்குக் கவலை. சிவனிடம் போய் நிற்கிறார். புண்ணியத் தலங்களின் மண்ணை எடுத்து அமுதம் விட்டுப் பிசைந்து ஒரு குடம் செய், அதற்குள் படைப்பு வித்தையும் அமுதத்தையும் வை, மாவிலை, தேங்காய், வில்வம், பூணூல் எல்லாம் சாத்திப் பூசை செய், உறியில் கட்டி மேருவில் வை என்கிறார் சிவன். வெள்ளம் வருகிறது, குடம் மிதக்கிறது. மிதந்து மிதந்து தெற்கே வந்து ஓரிடத்தில் தட்டி நிற்கிறது. அந்த இடம்தான் இந்த ஊர்.

இதைச் சொல்லும்போது அவர் அம்மாவிடம், "பாட்டிம்மா, ஒங்க செம்பக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா எந்தக் கோவிலுக்குப் போனாலும் தீர்த்தத்துக்கு ஒரு பித்தளைச் செம்பு எடுத்து வருவாள். அதை உள்ளங்கையில் நிறுத்தி, இங்கே மாவிலை, இங்கே தேங்காய், இங்கே நூல் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நூலைக் கழுத்தில் காட்டியதும் அம்மா விடவில்லை. "கழுத்துல மட்டும் சுத்துனா நிக்காது தம்பி. வயித்துல குறுக்கும் மறுக்குமா சுத்தி, அப்புறம் கழுத்துக்குக் கொண்டாரணும்" என்றாள். அவர் செம்பைத் திருப்பிப் பார்த்து, "சரிதான், நம்ம வீட்டு விசேஷத்துல அப்படித்தான் சுத்துவாங்க" என்று ஒத்துக்கொண்டார்.

ஏன் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், நாங்கள் பாத்திரக்கடைக்காரர்கள். திண்டுக்கல்லில் அப்பா முப்பது வருஷம் கடை வைத்திருந்தார். குடத்துக்கு வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன். கும்பகோணத்திலிருந்து பித்தளைச் சரக்கு வந்து இறங்கும் நாளில் வைக்கோலைப் பிரித்துக் குடங்களை எடுத்து அடுக்குவது எங்கள் வேலை. அந்த ஊரின் கதையே ஒரு குடத்தின் கதை என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் குடம் எங்கள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், கல்யாணத்தில், கோவில் யாகசாலையில் வைக்கிற அதே கலசம்தான் என்பது அன்றைக்கு அந்தப் படியில்தான் எனக்கு விளங்கியது. தேங்காய், நூல், வில்வம், உறி என்று ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் ஒரு சிவன் கோவில். கலசத்தைப் பிரித்து ஊர் முழுக்க வைத்ததுபோல் இருக்கிறது கும்பகோணம்.

அங்கிருந்து கும்பேஸ்வரர் கோவில் கிட்டத்தில்தான். கிழக்கே ஒன்பது நிலை ராஜகோபுரம், 128 அடி உயரம். அதைத் தாண்டினால் நீளமான ஒரு மண்டபப் பாதை, ஏறக்குறைய 330 அடி. இரண்டு பக்கமும் கடைகள். குங்குமம், விளக்கு, மரச்சொப்பு, வளையல். அம்மா அங்கே ஒரு குத்துவிளக்கைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்; வாங்கவில்லை. தம்பி வெளியே நிற்காமல் கூடவே வந்தார். இதையும் சொல்ல வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். ஆனால் சந்நிதிக்குள் வாய் திறப்பதில்லை. கதை எல்லாம் வெளிப் பிராகாரத்தில்தான். "உள்ள அர்ச்சகர் சொல்றதக் கேளுங்க, நான் சொல்லக்கூடாது" என்றார்.

மூலவர் ஆதி கும்பேஸ்வரர். உடைந்த குடத்திலிருந்து வழிந்த அமுதத்தில் மணலைக் குழைத்து சிவனே பிடித்துவைத்த லிங்கம் என்பதால் திருமேனிக்கு நீர் அபிஷேகம் கிடையாது. புனுகுதான் சாத்துகிறார்கள். கிட்டே நின்றபோது எண்ணெய் தீபத்தின் வாசனையோடு அந்தப் புனுகு வாசனையும் வந்தது, கனமான, கொஞ்சம் காட்டு வாசனை. அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். கூட்டம் இல்லாததால் யாரும் நகரச் சொல்லவில்லை. போன தடவை கிடைக்காத பத்து நிமிஷமும் சேர்ந்து அன்றைக்குக் கிடைத்தது. மங்களாம்பிகை சந்நிதி மந்திரபீடம் என்று பேர் பெற்றது. அங்கேயும் நிதானமாக இருந்துவிட்டு வந்தோம்.

பிராகாரத்தில் கிராதமூர்த்திக்குத் தனிச் சந்நிதி. கிராதன் என்றால் வேடன். பாணாதுறையில் அம்பு விட்டவர் இங்கே நிற்கிறார். வரிசைப்படி வந்ததால்தான் அந்தச் சந்நிதி எனக்குக் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் பத்தோடு பதினொன்றாகக் கடந்திருப்பேன். இருபத்தேழு நட்சத்திரமும் பன்னிரண்டு ராசியும் ஒரே கல்லில் செதுக்கிய நவராத்திரி மண்டபத்தையும் காட்டினார். அம்மா மேலே அண்ணாந்து தன் நட்சத்திரத்தைத் தேடினாள், கழுத்து வலித்ததால் விட்டுவிட்டாள். கல்லிலேயே செய்த நாதஸ்வரமும் இந்தக் கோவிலுக்கு உண்டு.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தேவாரத்தில் சம்பந்தர் பாடிய காலத்தில் இந்தத் தலத்துக்குக் குடமூக்கு என்று பெயர். அம்பு பட்டுக் குடத்தின் மூக்கு உடைந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். சரி, குடத்துக்கு ஏது மூக்கு? எங்கள் கடையில் விற்ற எந்தக் குடத்துக்கும் மூக்கு இருந்ததில்லை. தம்பியிடம் கேட்டேன். "இத்தன வருஷத்துல இத யாரும் கேக்கலக்கா" என்று யோசித்தார். அம்மாதான் பதில் சொன்னாள். "கெண்டிக்கு மூக்கு உண்டுல்ல? சாமி தீர்த்தம் விடுற கெண்டி. வாய் வழியா ஊத்துவோம், மூக்கு வழியா விடுவோம். அந்த மாதிரிக் குடமா இருந்திருக்கும்." அப்புறம் அவளே தொடர்ந்தாள். "வயித்துல அடிச்சா குடம் நொறுங்கிப் போகும். மூக்குல அடிச்சாத்தான் உள்ள இருக்குறது அலுங்காம ஒழுகும். வித்து கெடக்கூடாதுல்ல?"

பாத்திரம் விற்றவளின் கண் அது. வேடனின் குறி எவ்வளவு நுணுக்கமானது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி அம்மா சொன்னதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இனிமேல் வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னார்.

அடுத்தது சோமேஸ்வரர் கோவில். சாரங்கபாணி கோவிலுக்குத் தெற்கே, பொற்றாமரைக் குளத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. பெருமாள் கோவிலுக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். குடத்தைக் கட்டியிருந்த உறி விழுந்த இடம் இது. உறிக்குச் சிக்கம் என்றும் பெயர், அதனால் சுவாமிக்குச் சிக்கேசர் என்றொரு பெயர். சந்திரன் வந்து பூசை செய்ததால் சோமேசர். அம்பாளுக்குத் தேனார்மொழியாள் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதற்காகவே இன்னொரு தடவை வரலாம். உறியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பூனைக்கு எட்டாமல் தயிர்ப் பானையை உத்திரத்தில் தொங்கவிடுகிற கயிற்று வலை அது. பிரளய வெள்ளத்துக்கு எட்டாமல் உயிர் வித்தை உறியில் தொங்கவிட்டார்கள் என்பதைப் படிக்கும்போது எளிதாகக் கடந்துவிடுவோம். அங்கே நின்று நினைத்துப் பார்த்தால் சமையற்கட்டு ஞாபகம் வருகிறது. உடைந்த குடத்தின் அமுதம் ஓடி இரண்டு இடத்தில் தேங்கியது. ஒன்று இந்தப் பொற்றாமரைக் குளம், இன்னொன்று மகாமகக் குளம்.

நாகேஸ்வரன் கோவிலில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். அதற்குத் தம்பியின் கதையை விட அந்தக் கோவில்தான் காரணம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கதைப்படி இது வில்வம் விழுந்த இடம். ஆதிசேஷன் உலகத்தைத் தாங்கித் தாங்கிச் சோர்ந்துபோய், மகாசிவராத்திரி அன்று முதல் யாமத்தில் இங்கே வந்து பூசை செய்து பலம் பெற்றான் என்பது இன்னொரு கதை. அடுத்த யாமம் திருநாகேஸ்வரம், அதற்கடுத்து திருப்பாம்புரம். அப்பர் பாடிய குடந்தைக் கீழ்க்கோட்டம் இதுதான். முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோவில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது.

கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வந்து பாருங்கள். கோஷ்டங்களில், அதாவது சுவர் மாடங்களில், ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய ஆள் உயரத்தில் நிற்கிறார்கள். ராஜா ராணிகள் என்கிறார்கள் சிலர், ராமாயணத்து ஆட்கள் என்கிறார்கள் சிலர். எனக்கு யாராக இருந்தாலும் சரி. ஒரு பெண் உருவத்தின் இடுப்பு லேசாக ஒடிந்து, ஒரு கால் தளர்ந்து, யாருக்கோ காத்துக்கொண்டு நிற்கிறவள்போல் இருந்தாள். அவளுடைய உதட்டோரத்தில் சிரிப்பு தொடங்குகிறதா முடிகிறதா என்று தெரியவில்லை. அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். தம்பி தன் மொபைல் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை, பக்கவாட்டில் பிடித்ததும் குட்டி குட்டி மனிதர்கள் எழுந்து வந்தார்கள். இதை அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது பல நாள் பார்த்துப் பார்த்து அவரே கண்டுபிடித்திருக்க வேண்டும். எதுவானாலும் ரொம்பப் பெரிய உதவி.

நடராஜர் மண்டபம் தேர் வடிவத்தில் இருக்கிறது. குதிரையும் யானையும் இழுக்க, கல் சக்கரத்தில் பன்னிரண்டு ஆரங்கள். சித்திரை 11, 12, 13 தேதிகளில் சூரிய ஒளி கோபுர வாசல் வழியாக நேரே உள்ளே வந்து லிங்கத்தின் மேல் விழும். பிரளயகால ருத்திரருக்கும் இங்கே ஒரு சந்நிதி. குடம் மிதந்த அதே பிரளயத்தின் ருத்திரர்.

நடுவில் ஒரு கடையில் காபி. பித்தளை டவரா செட்டில் நுரையோடு கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா முதலில் டவராவின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள், அப்புறம்தான் குடித்தாள். அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். அது தப்பாகப் போயிற்று, பின்னால் சொல்கிறேன்.

மகாமகக் குளம் ஆறு ஏக்கருக்கு மேல் பரப்பு. மாசி மகம் வருஷா வருஷம் வரும். குரு சிம்ம ராசியில் இருக்கும் வருஷம், சூரியன் கும்ப ராசியில் நிற்க, மக நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடுவது மகாமகம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. 2004இல் வந்தது, 2016 பிப்ரவரி 22ஆம் தேதி வந்தது, அடுத்தது 2028. மாசி என்றால் சூரியன் கும்ப ராசியில் இருக்கும் மாதம் என்பது காலண்டரில் தினமும் பார்க்கிற விஷயம்தான். கும்பம் உடைந்த ஊரில், கும்ப மாதத்தில், அமுதம் தேங்கிய குளத்தில் குளிக்கிறார்கள் என்று தம்பி ஒரே மூச்சில் சொன்னபோது கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

கரையைச் சுற்றி பதினாறு மண்டபங்கள். தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை. வடமேற்கு மூலையில் உள்ள மண்டபத்தின் உள்கூரையை அண்ணாந்து பார்த்தால் துலாபாரக் காட்சி செதுக்கியிருக்கிறது. எடைக்கு எடை பொன் கொடுத்த காட்சி. தராசுத் தட்டைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. வடகரையில் காசி விஸ்வநாதர் கோவில். கங்கை, யமுனை, காவிரி என்று ஒன்பது நதிகளும் பெண்களாக நிற்கிறார்கள். எல்லாரும் தங்கள் மேல் இறக்கிவிட்ட பாவத்தைப் போக்கிக்கொள்ள நதிகளே வந்து இந்தக் குளத்தில் நீராடுகின்றன என்பது நம்பிக்கை. கீழ்க்கரையில் அபிமுகேஸ்வரர், குடத்தின் மேலிருந்த தேங்காய் விழுந்த இடம். குளத்தைப் பார்த்து மேற்கு முகமாக இருக்கிறார். நீராட வந்த நதிப் பெண்களுக்கு முகம் கொடுத்ததால் அபிமுகர். அங்கே அம்மா ஒரு தேங்காய் உடைத்தாள். சரிபாதியாக உடைந்ததில் அவளுக்குப் பரம திருப்தி.

அடுத்தது கௌதமேஸ்வரர். பூணூல் விழுந்த இடம், பசுவைக் கொன்ற பாவம் தீர கௌதம முனிவர் பூசை செய்த இடம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். காபிக்கடையில் உட்கார்ந்த முக்கால் மணி நேரம்தான் காரணம். ஆனால் நேரம் போவதை அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஊர்க்காரர் அவர், பன்னிரண்டு மணிக் கணக்கு அவருக்குத்தான் தெரியும். கேட்டதற்கு, "பாட்டிம்மா அசதியா இருந்தாங்கக்கா, எழுப்ப மனசு வரல" என்றார். அந்த மனசைக் குறை சொல்ல முடியவில்லை. இருந்தாலும் வரிசை தப்பிப்போனது எனக்கு வருத்தம்தான். மறுநாள் காலையில் நான் மட்டும் லாட்ஜிலிருந்து நடந்தே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நின்றார். ஊரை விட்டுத் தெற்கே கொஞ்ச தூரத்தில் சாக்கோட்டை. சுந்தரர் பாடிய கலயநல்லூர். சுவாமி அமிர்தகலசநாதர். குடத்தின் நடுப்பாகம் தங்கியது இங்கே என்கிறார்கள். அங்கிருந்து குடவாசல், பெயரிலேயே இருக்கிறது, குடத்தின் வாய். பழைய பெயர் குடவாயில். சங்கப் பாட்டிலேயே வருகிற ஊர் இது.

இங்கே எனக்கும் தம்பிக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். காலையில் மூக்கில் அம்பு பட்டு அமுதம் ஒழுகியது என்றார். சாயங்காலம் குடம் மூன்று துண்டாகி அடி ஓரிடம், நடு ஓரிடம், வாய் ஓரிடம் என்கிறார். எது சரி? அவர் முதலில் சமாளிக்கப் பார்த்தார். அப்புறம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு ஊர்லயும் அந்தந்த ஊருக்குன்னு ஒரு கதை இருக்குக்கா. கும்பேஸ்வரர் வாசல்ல குடவாசல் கதையச் சொன்னா அங்க உள்ளவங்க ஒத்துக்க மாட்டாங்க. இங்க வந்து மூக்கு மட்டும்தான் ஒடஞ்சுதுன்னு சொன்னா இவங்க ஒத்துக்க மாட்டாங்க." இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். இரண்டு கதை இருப்பது குறை இல்லை. கேட்டால்தான் சொல்வேன் என்று வைத்திருப்பதுதான் குறை. போகிறவர்கள் கேளுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்.

குடவாசல் கோணேஸ்வரர் கோவில் மாடக்கோவில். கோச்செங்கட்சோழன் எழுப்பிய மாடக்கோவில்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். முற்பிறப்பில் சிலந்தியாக இருந்து யானையோடு பகைத்தவன் என்பதால், யானை ஏற முடியாதபடி உயரத்தில் கருவறை வைத்துக் கட்டினான். யானைக்காகக் கட்டிய படி அம்மாவின் முழங்காலையும் சோதித்தது. தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒவ்வொரு படியாக. தாயை அடிமைத்தனத்திலிருந்து மீட்க அமுதக் குடம் கொண்டுவந்த கருடனின் கதையும் இந்தத் தலத்துக்கு உண்டு. மேலே ஏறி மூச்சு வாங்க நின்றபோது அதைச் சொன்னார். குடவாசலிலும் ஒரு குடம், அதிலும் அமுதம், அதுவும் ஒரு அம்மாவுக்காக. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சாயரட்சை தீபாராதனை நேரம், மணிச் சத்தத்தில் கடைசி வரிகள் சரியாகக் காதில் விழவில்லை. கீழே இறங்கியதும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். காலையில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள், ஆறரை போதாது. கூட்டம் இல்லாத வார நாளாகப் பாருங்கள். குடவாசல் சாலையில் ஆட்டோ குலுக்கல் அதிகம், வயதானவர்கள் இருந்தால் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுபோங்கள். அவர் வண்டியில் இல்லை. திரும்பி வரும்போது இருட்டிவிடும், ஆனால் நிதானமாகத்தான் ஓட்டுகிறார், போனில் பேசிக்கொண்டு ஓட்டுவதில்லை. அர்ச்சனைத் தட்டுக்கோ கடைக்கோ கமிஷனுக்காக எங்கேயும் கூட்டிப்போய் நிறுத்தவில்லை. பட்டுப்புடவைக் கடை என்ற பேச்சே வரவில்லை. கல்வெட்டு, ஆராய்ச்சி என்று ஆழமாக எதிர்பார்த்தால் இவரிடம் கிடைக்காது. தலபுராணத்தை அந்தந்த இடத்தில் வைத்துச் சொல்வதில் இவரை மிஞ்ச ஆள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். குறைத்த அரை, கௌதமேஸ்வரருக்காக.

இறங்கும்போது 2,000 ரூபாயாகக் கொடுத்தேன். மீதியை எண்ணித் திருப்பித் தந்தார். "வேணாம் தம்பி, வச்சுக்கங்க" என்றதற்கு, "பேசுனது பேசுனதுதானக்கா" என்றார். அம்மா அந்த 200 ரூபாயை வாங்கி அவர் கையில் திணித்து, "இது ஒங்க புள்ளைங்களுக்குப் பலகாரம் வாங்க. வேணாம்னு சொல்லக்கூடாது" என்றாள். அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை.

குடத்திலிருந்து வழிந்த அமுதம் ஐந்து குரோச தூரம் மண்ணை நனைத்ததாம். திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், தாராசுரம், சுவாமிமலை, கருப்பூர் என்று அந்த ஐந்தும் பஞ்சகுரோசத் தலங்கள். முதலில் அவற்றைத் தரிசித்துவிட்டுத்தான் கும்பேஸ்வரரிடம் வர வேண்டும் என்பது முறை என்று தம்பி கடைசியில் சொன்னார். நாங்கள் மாற்றிச் செய்துவிட்டோம். அம்மா ஊருக்கு வந்ததும் செம்பைப் புளி போட்டு விளக்கி ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஆவணியில் வெயில் தணிந்ததும் அந்த ஐந்துக்கும் வருவதாகத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.